பட்டியலில் இருந்த அண்ணன் பெயர்

பதுளையில் எங்கள் துணிக்கடையைக் குடும்பத்தார் ஏழு பேர் சேர்ந்து லிமிடெட் கம்பெனியாகப் பதிந்திருந்தோம். ஆண்டுதோறும் பங்குதாரர் பட்டியலைக் கொழும்புக்கு, பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அண்ணன் காலமான வருடமும் பழைய பட்டியலையே நகல் எடுத்துக் கையெழுத்திட்டுவிட்டேன். நல்லவேளை, தபாலில் சேர்க்குமுன் எங்கள் வழக்கறிஞர் புரொக்டர் ஐயா பார்த்தார்.

"எறந்தவர் பேரு இருக்கே. பொய் எழுதினதா ஆயிடுமுங்க" என்றார்.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அண்ணனின் பங்குகள் அண்ணிக்கு மாறியிருந்தன. அண்ணன் பெயரை அடிக்கப் போவதை அண்ணியிடம் தயங்கித்தான் சொன்னேன்.

"எம் பேரை எழுதுங்க தம்பி. இனி நானும் கடைக்கு வாறேன்" என்றார் அண்ணி.

திருத்திய பட்டியல் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் நான் நகல் எடுப்பதில்லை. எல்லோரையும் கடையில் கூட்டுகிறேன். அண்ணி ஒவ்வொரு பெயராகச் சொல்ல, புதிதாக எழுதுகிறேன்.