தடை நீங்கிய மாலை

ஜூலை 19, சனி. காலையில் வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, துணிகளைக் காயப்போட்டுவிட்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் போனேன். பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. காத்திருந்தவர்களின் தலையிலிருந்து வந்த எண்ணெய் வாசனையில், இப்போது கார்கள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

சீசன் மாலைகளில் அங்கே கச்சேரி நடக்கும். தடை இருக்கும் நாட்களில்தான் கொட்டகை நிறையும். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக உட்கார்ந்து, ஒரு காதைப் பாட்டுக்கும் மறு காதை அருவிக்கும் கொடுத்து, ஈர மண்ணும் மிளகாய் பஜ்ஜியும் கலந்த வாசனையில் எல்லோரும் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் ஓர் இளம்பெண் பாடிக்கொண்டிருந்தபோது, தடை நீங்கிவிட்டதாக வாசலில் யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் தரையில் உராய்ந்த சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. அப்பாவும் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, தண்ணி கொறஞ்சிட்டாம். வா, மறுபடி தடை போட்டிருவாங்க."

"நீங்க போயிட்டு வாங்க."

"தலையில வச்ச எண்ணெய என்ன செய்ய?"

"வீட்டுல சீயக்காய் இருக்கு."

கொட்டகையில் அம்மாவும் அவள் மடியில் நானும் மட்டுமே மிஞ்சினோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்தபடியே கடைசிவரை பாடினாள். அம்மாவுக்குச் சங்கீதத்தில் அவ்வளவு பிரியம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் செய்து, அன்று கேட்டது என்ன பாட்டு என்றேன்.

"பாட்டு யாருக்குத் தெரியும்? நானும் எந்திச்சிருந்தா அந்தப் பிள்ள யாரப் பாத்துப் பாடும்?"