தெல்மா போட்ட சீரகம்

தெல்மா மெட்காஃப் சமையலறையை விட்டு வெளியே வரத் தொடங்கியது ஜனவரிக் காய்ச்சலுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ‘மூன்று லாடம்’ பப்பில் சாப்பிட்டவர்களுக்கு அவள் ஒரு கை மட்டும்தான். சுவரிலுள்ள சிறு திறப்பு வழியாகத் தட்டை நீட்டும், மாவு படிந்த, முழங்கைவரை சிவந்த கை. மீதி தெல்மாவைப் பார்க்க வேண்டுமென்றால், கடைசித் தட்டும் போன பிறகு பின்வாசலில் கவிழ்த்துப் போட்ட பியர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் தேநீர் குடிக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது தட்டுகளின் பின்னாலேயே அவளும் வந்தாள். மேசை மேசையாக நின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்தபடி கேட்டாள்.

“எல்லாம் சரியா இருக்கா கண்ணு?”

“அருமை தெல்மா.”

“கிரேவி?”

“அருமை.”

எங்கள் ஊரான எல்லர்பெக்கில் வேறு பதில் கிடையாது. பழைய செருப்பை வேகவைத்துத் தட்டில் வைத்தாலும், சமைத்தவர் முகத்தைப் பார்த்து அருமை என்று சொல்வோம். பாதியை முட்டைக்கோஸுக்கு அடியில் ஒளித்து வைப்போம். வீடு திரும்பும்போது காரில்தான் பேசிக்கொள்வோம். அதைப் பொய் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் காலைத் துடைத்துக்கொள்வது மாதிரி அது ஒரு பழக்கம்.

தெல்மாவுக்கு அந்தப் பழக்கம்தான் எதிரியாகிவிட்டது. காய்ச்சல் போனபோது அவளுடைய மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. உப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. வெங்காயமும் வெண்ணெயும் நாக்கில் ஒரே மாதிரி இருந்தன. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். தன் கையை இனியும் நம்பலாமா, அடுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டுமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்க ஒரு வாய் இல்லை. கணவன் ரெஜ்ஜிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. இதையெல்லாம் பிற்பாடு அவளே, கவுன்டரில் சாய்ந்துகொண்டு, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொன்னாள்.

அவள் மூக்கால் சமைத்தவள் என்பது ஊருக்கே தெரியும். மேட்டுப் பண்ணையில் ஆடுகளுக்கு நடுவே பிறந்தவள். பாத்திரம் கழுவத்தான் இந்த பப்புக்கு வந்தாள். ரெஜ்ஜின் அப்பா இதை நடத்திய காலம் அது. ஊறுகாய் போட்ட முட்டை, ரொட்டி, சீஸ் இவற்றுக்கு மேல் இங்கே எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவிய கையோடு, வேலை செய்பவர்கள் சாப்பிடவென்று ஒரு துண்டு மாட்டிறைச்சியை அடுப்பில் வைத்தாள். வாசனை கூடத்துக்கு வந்தது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, அது யாருக்கு என்று கேட்டார்கள். அடுத்த வாரம் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு ரெஜ்ஜை மணந்துகொண்டாள்.

ரெஜ்ஜைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வாயில் உள்ள பெரிய பாராட்டு “மோசமில்ல.” கல்யாண உடையில் தெல்மா மாதாகோயிலுக்குள் வந்தபோது அவர் சொன்னது அதுதான். மகள் பிறந்தபோது குழந்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சொன்னதும் அதுதான். அவளுடைய சமையலுக்கும் இத்தனை வருடமாக அதே ஒற்றைச் சொல். அதற்குமேல் ஒரு படி அவர் ஏறியதை யாரும் கேட்டதில்லை.

மார்ச்சில் அன்னையர் ஞாயிறு வந்தது. ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த மதியம். மேசைக்கு மேசை ஜாம் பாட்டிலில் டாஃபோடில் பூ. பிள்ளைகள் அம்மாக்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சமையலறைத் திறப்பை ஒட்டிய சின்ன மேசை எனக்கு. தனியாக வருகிறவனுக்கு யாரும் தர யோசிக்காத இடம் அது.

அன்று, ஆப்பிள் மேல் இனிப்பு மாவு தூவிச் சுடும் கிரம்பிளில் தெல்மா லவங்கப்பட்டைப் பொடி போடவில்லை. சீரகப் பொடி போட்டாள். வெள்ளிக்கிழமை இந்தியச் சாப்பாட்டுக்காக வாங்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து, தாராளமாக, வேண்டுமென்றே. யாராவது ஒருவர் முகம் சுளித்துக் கேட்டுவிட்டால் போதும். மற்ற நாட்களில் சொன்ன அருமைகளையும் நம்பலாம். ஒருவரும் கேட்கவில்லையென்றால், இத்தனை நாளும் தான் இருட்டில் சமைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அப்புறம் அடுப்பைவிட்டு ஒதுங்கிவிடுவது. அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

கிண்ணங்கள் போயின. கஸ்டர்ட் ஊற்றினார்கள். முதல் கரண்டி வாய்க்குள் போனதும் கூடம் ஒரு கணம் அடங்கியது. பிறகு எல்லோரும் முன்பைவிடச் சத்தமாகப் பேசினார்கள்.

தெல்மா வந்தாள். முதலில் சன்னலோரம் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஹெஸ்டரிடம்.

“கிரம்பிள் எப்படி கண்ணு இருக்கு?”

ஹெஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். “அருமை தெல்மா. ரொம்ப... துணிச்சலா இருக்கு.”

“துணிச்சலா?”

“நல்ல விதத்துல சொல்றேன்.”

அடுத்தது ஆட்டுப் பண்ணைக்காரர் வில்ஃப். அவர் நாய் மேசைக்கடியில் இருந்தது. வில்ஃப் நீட்டிய கரண்டியை முகர்ந்துவிட்டு, அவருடைய சாக்ஸில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

“என்ன வில்ஃப், உன் பையனுக்குப் பிடிக்கலையா?”

“அவனுக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல. நான் இன்னொரு கிண்ணம் வாங்கலாமான்னு பாக்கறேன்.”

“கொண்டு வரட்டுமா?”

வில்ஃபின் முகத்தில் ரத்தம் வற்றியது. “சிரமமில்லேன்னா.”

வாங்கினார். சாப்பிட்டும் முடித்தார். என்னிடம் வந்தபோது நானும் அருமை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீயுமா?” என்று கேட்கிற பார்வை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. கட்டியணைத்தார்கள், பூக்களை எடுத்துக்கொண்டார்கள், இன்னொரு தடவை அருமை என்றார்கள். ரெஜ் கவுன்டரைத் துடைத்து முடித்து, தனக்கொரு அரை பைண்ட் பியர் ஊற்றிக்கொண்டு, திறப்புக்கு முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். எல்லாரும் போன பிறகுதான் அவர் சாப்பாடு. வெளியே மழை; அது நிற்கக் காத்திருந்தேன். நான் அங்கே இருப்பது பெரும்பாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

தெல்மா மிச்சமிருந்த கிரம்பிளை வைத்தாள். அவர் சாப்பிட்டார். நிறுத்தாமல், நிமிராமல், கிண்ணத்தின் அடிவரை.

“எப்படி இருக்கு?”

ரெஜ் கரண்டியை வைத்தார். “அருமை” என்றார்.

திறப்பின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்த தெல்மாவின் கை நின்றது.

“என்ன சொன்னே?”

“அருமைன்னேன்.”

“ரெஜ், நம்ம கல்யாணத்துக்கே நீ அந்த வார்த்தைய சொல்லல.”

அவர் பியரைப் பார்த்தார்.

“அதுல நான் சீரகம் போட்டிருக்கேன். தெரிஞ்சே போட்டேன். சொல்லு, என் மூக்கு போயிடுச்சுன்னு உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“பிப்ரவரிலேர்ந்து. பால் அடிப்பிடிச்சு மாடிவரைக்கும் நாறுது, நீ பக்கத்துலயே நின்னு குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தே.”

“அப்பவே ஏன் கேக்கல?”

“நீ ஏன் சொல்லல?”

தெல்மா துணியை மடித்து வைத்தாள். பிறகு ரெஜ்ஜே தொடங்கினார். “நீ சொல்ற வரைக்கும் இருக்கலாம்னு பாத்தேன். நீ பின்பக்கம் போறப்பல்லாம் ஒவ்வொரு பாத்திரத்துலயும் கரண்டி விட்டுப் பாத்துக்கிட்டேன்.”

தெல்மாவின் முகம் கறுத்தது. “அப்போ இவ்வளவு நாளும் நீதான் சமைச்சியா?”

“நானா? எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியுமா, லூசு. ஒரே ஒரு தடவை கிரேவி அடிப்பிடிச்சுது. மேல இருந்தத எடுத்து வேற பாத்திரத்துல மாத்தினேன். மத்தபடி எதையும் தொடல. தொடவேண்டிய அவசியம் வரல.”

“மத்ததெல்லாம் எப்படி இருந்துது? உள்ளத சொல்லு. மரியாதையெல்லாம் வேணாம்.”

ரெஜ் யோசித்தார். போன வாரத்து மாட்டிறைச்சி ரோஸ்ட்டை, அதற்கு முந்திய வாரத்து ஆட்டுக்கறி அடைத்த பேஸ்ட்ரியை, ஒவ்வொன்றாக நாக்கில் திரும்ப எடுத்து வைத்துப் பார்ப்பவர்போல யோசித்தார்.

“மோசமில்ல” என்றார்.

தெல்மா திறப்பின் விளிம்பில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் அழுதிருக்கவும் கூடும். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். “வில்ஃப் ரெண்டு கிண்ணம் தின்னான், பாத்தியா? ரெண்டு கிண்ணம்!”

“அந்த நாய்தான் இந்த ஊர்லயே யோக்கியன்” என்றார் ரெஜ்.

அப்போதுதான் அவள் என்னைக் கவனித்தாள். “நீ இன்னும் இங்கதான் இருக்கியா? நீயும் அருமைன்னுதானே சொன்னே?”

“ஆமாம்.”

“போய்த் தொலை. அடுத்த வாரம் வா.”

போனேன். மோப்பம் அவளுக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு கவுன்டரில், பியர்க் குழாய்களுக்குப் பக்கத்தில், ஒரு நீளக் கரண்டி தொங்கியது. திறப்பு வழியாகப் பாத்திரம் வரும். ரெஜ் எல்லோரும் பார்க்க ஒரு வாய் எடுப்பார். வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். “மோசமில்ல” என்று அவர் உள்ளே குரல் கொடுத்த பிறகுதான் தட்டுகள் வெளியே வரும். சில நாள் “கூடாது” என்பார். உள்ளே ஒரு வசவு கேட்கும். நாங்கள் காத்திருப்போம். ஒருவரும் எழுந்து போனதில்லை.

கரும்பலகையில் கிரம்பிள் எழுதியிருக்கும் நாட்களில் தெல்மா தவறாமல் சன்னலோரம் போகிறாள்.

“ஹெஸ்டர், கண்ணு, லவங்கப்பட்டை போட்டதா, துணிச்சலானதா?”

ஹெஸ்டர் கழுத்துவரை சிவந்துபோகிறார். “உனக்கு எது சிரமமில்லையோ அது, தெல்மா.”

தெல்மா கவுன்டர் பக்கம் திரும்பிக் கத்துகிறாள்: “ரெஜ், சீரகம் ஒண்ணு!”