பினாயில் மேடத்தின் நீலச் சீஸ்

அந்தக் கண்ணாடிக் கடையில் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளைப் பினாயில் மேடம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே வெறும் மேடம். கடையின் முன்பக்கம் அலமாரிகளும் விளக்குகளுமாக மினுமினுக்கும். பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் பட்டறை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறையில், மேசை விளக்கின் கீழ் அவள் உட்கார்ந்திருப்பாள். பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு மூக்குக் கண்ணாடியும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். விளக்கொளியில் லென்ஸை ஒருமுறை சாய்த்துப் பார்ப்பாள். மயிரிழை போல் ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"எங்க மேடம் இருக்கு? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று பட்டறைக்காரர் தலையைச் சொறிவார்.

"இருக்கு" என்பாள். இருக்கும்.

லென்ஸோடு நின்றிருந்தால் யாரும் பட்டப்பெயர் வைத்திருக்க மாட்டார்கள். மேசைக்கு அடியில் தூசி, ஜன்னல் கம்பியில் துரு, அடுத்தவர் சட்டைக் காலரில் அழுக்கு என்று எல்லாமே அவள் கண்ணில் படும். பட்டதைச் சொல்லாமல் விடவும் தெரியாது. வரவேற்பில் இருக்கும் பெண் அவள் வருவதைப் பார்த்தாலே நகத்தை மடக்கி மறைத்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பூசணம் பூத்த சீஸ் மேல் பைத்தியம் பிடித்தது என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு ஓட்டலில் கூட்டம் வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போனபோது, பேரிக்காய்த் துண்டின் மேல் வெண்ணெய் மாதிரி ஏதோ வைத்திருந்தது. நடுநடுவே நீலமும் பச்சையுமாகக் கோடுகள். ஏதோ கீரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாயில் போட்டாள். உப்பு, காரம், பாலின் இனிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்னொன்று எடுத்தாள். பிறகுதான் பரிமாறியவரிடம் அது என்ன கீரை என்று கேட்டாள்.

"கீரை இல்லீங்க. பூசணம். ப்ளூ சீஸ்."

கை கழுவும் இடத்துக்கு ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தாள். வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை பல் விளக்கினாள். ஆனால் மறுநாள் லென்ஸைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் ஊறியது. அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. சீச்சீ, இது என்ன நாக்கு என்று திட்டிக்கொண்டாள். திட்டினால் அடங்குகிற நாக்கா அது?

முதலில் பெரிய அங்காடியில் வாங்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் விட்டு, சோப்புக்கட்டி போல் வழுவழுவென்று கிடந்தது. பிரித்தால் மூக்கில் சுருக்கென்று நவச்சார நெடி. இது அது இல்லை என்று தூக்கிப் போட்டாள். பிறகு விசாரித்து விசாரித்து, ரயிலடிக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் சீஸ் மட்டுமே விற்கிற கடையைக் கண்டுபிடித்தாள். கடைக்காரி அவளைவிட இளையவள், வாயாடி. முழுச் சக்கரத்தைக் கண்ணெதிரே கம்பியால் அறுத்து, நுனியில் ஒரு துணுக்கைக் கத்தியிலேயே நீட்டுவாள்.

"அறுத்த முகத்தைப் பாருங்கக்கா. நீலத்துக்கு நடுவுல இருக்கிற வெள்ளை, வெள்ளையாவே இருக்கணும். பழுப்படிச்சா வயசாயிடுச்சுன்னு அர்த்தம். ருசி பார்க்கக் குடுக்காத கடையில வாங்கவே வாங்காதீங்க."

"சாப்பிடுறதுக்கே கூச்சமா இருக்குங்க."

"பாலைப் பூசணம் திங்குது, பூசணத்தை நாம திங்கிறோம். இதுல என்னக்கா கூச்சம்?"

கொஞ்ச நாளிலேயே அவளுக்கு நீலச் சீஸ் வகைகளைத் தரம் பிரிக்கத் தெரிந்துவிட்டது. இளசான கார்கன்சோலா குழைந்து கரண்டியில் வழியும், குழந்தை மாதிரி சாது. ஸ்டில்டன் கெட்டி, உதிரும், கடைசியில் வாதுமைக் கொட்டையின் வாசம் நிற்கும். செம்மறிப் பாலில் செய்யும் ரோக்ஃபோர்தான் அவளுடைய உயிர். ஈரமாக, உப்பாக, நாக்கில் வைத்ததும் உறைக்கும். ஆனால் வாடை! மழையில் நனைந்த காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்து மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அதே வாடை.

வீட்டில் குளிர்ப்பெட்டியின் மூலையில் ஒளித்துவைத்ததை அவள் கணவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன, பூசணம் பிடிச்சுப் போய்க் கிடக்கு? உன் கண்ணுல படாம எப்படித் தப்பிச்சுது?" அவருக்கு ஆச்சரியமும் கொஞ்சம் குஷியும். முப்பது வருஷக் குடித்தனத்தில் முதல்முறையாக அவள் பிடிபட்டிருக்கிறாள்.

"எனக்காக வாங்கினது" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமா, கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அதைக் குப்பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலம் முழுக்க அடுத்தவர் அழுக்கைச் சொல்லிச் சொல்லியே, தனக்கு இது பிடிக்கும் என்று சொல்ல இடமில்லாமல் பண்ணிக்கொண்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சீஸ், அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்தது. மாடியில், சாப்பாட்டு அறையில் இருந்த குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில், எவர்சில்வர் டப்பாவுக்குள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனதும் கடைசி ஆளாக உள்ளே போய், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, ரொட்டியில் தடவி நிதானமாகச் சாப்பிடுவாள். நாளில் அந்த நேரம் ஒன்றுதான் அவள் யாரையும் எதையும் குறை சொல்லாத நேரம்.

ஒருநாள் டப்பா மூடி சரியாகப் பதியவில்லை. மறுநாள் மதியம் யாரோ குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடினார்கள், அவ்வளவுதான். அறை முழுக்க நாறியது.

"என்ன கருமம் இது? எலி ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" என்று வரவேற்புப் பெண் மூக்கைப் பிடித்தாள். பட்டறைக்காரர் அலமாரியை நகர்த்திப் பார்த்தார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய பார்வையும் வாசல் பக்கம் போனது.

வாசலோரத்தில் வண்டி அண்ணனின் ஷூ கிடந்தது.

அவரை எல்லோரும் வண்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தயாரான கண்ணாடிகளை வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். நாள் முழுக்க வெயிலில் சுற்றுகிற கால். மதியம் அரைமணி நேரம் ஷூவைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தரையில் வைத்து விரல்களைச் சோம்பல் முறித்தபடி சாப்பிடுவார். அன்று அவர் கை கழுவப் போயிருந்தார்.

அன்று சாயந்திரம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். "எல்லாரும் புகார் பண்றாங்க மேடம். நான் சொன்னா அவருக்குச் சங்கடமாயிடும். சுத்தம்னா நீங்கதானே. பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

அவள் வாயைத் திறந்தாள். அது என் சீஸ் சார். சொல்லிவிட ஐந்து வினாடி போதும். வரவேற்புப் பெண் சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது. பினாயில் மேடம் பூசணம் திங்கிறாங்களாம்! "சரி சார், சொல்றேன்" என்றாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவரைத் தனியே பிடித்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சாப்பாட்டு ரூம்ல ஷூவைக் கழட்ட வேண்டாம். கொஞ்சம்... வாடை வருது."

அவர் சட்டென்று குனிந்து தன் கால்களைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்தன.

"எனக்குத் தெரியவே இல்லையே மேடம். இத்தனை நாளா எல்லாரும் பொறுத்துக்கிட்டா இருந்தீங்க? மன்னிச்சுக்குங்க."

மன்னிச்சுக்குங்க! அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு அவள் தலையை வேறு ஆட்டினாள்.

மேலே போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து, டப்பாவோடு சீஸைத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். குளிர்ப்பெட்டியைச் சோடா உப்புப் போட்டுத் துடைத்தாள். இனி வாடை வராது, விஷயம் தானாக அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வாடை வரவில்லைதான். ஆனால் மறுநாள் வண்டி அண்ணன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். அறை கமகமவென்று இருந்தது.

"பாத்தீங்களா? அவரேதான்" என்றார் பட்டறைக்காரர். சந்தேகமாக இருந்ததை அவளே துடைத்துத் தேய்த்து நிரூபித்துக் கொடுத்துவிட்டாள்.

அவர் புதுக் காலுறை வாங்கினார். உள்ளே வருவதற்கு முன்னால் வாசல் குழாயில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். படியில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் ஷூ கழலவில்லை. அவள் அந்தப் படி வழியாகப் போகும்போதெல்லாம் அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் நாளை என்று தள்ளினாள். தள்ளத் தள்ள அது கனத்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். இப்போது சொன்னால் சீஸை மட்டுமா சொல்ல முடியும்?

ஒரு காலை, வரவேற்புப் பெண் எங்கோ போயிருந்தபோது தொலைபேசியை அவள் எடுத்தாள். வயதான ஒரு வாடிக்கையாளர்.

"உங்க வண்டிக்காரத் தம்பிக்கு என்னம்மா ஆச்சு? முன்னெல்லாம் உள்ள வந்து உக்காந்து, காதுக்குப் பின்னால அழுத்துதான்னு பாத்து, வளைச்சு நேர் பண்ணிக் குடுத்துட்டுப் போவார். இப்ப வாசல்லயே குடுத்துட்டு ஓடுறார். உள்ள வாங்கன்னா, 'வேணாம் ஐயா, ஷூ கழட்டணும்'ங்கறார். நான் ஏதாவது மனசு நோகப் பேசிட்டேனா?"

"இல்லீங்க ஐயா" என்றாள். தொலைபேசியை வைத்தாள்.

அன்று லென்ஸ் பார்க்க உட்காரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ரயிலடிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து, படியில் உட்கார்ந்திருந்தவரிடம், "அண்ணே, கொஞ்சம் மேல வாங்க" என்றாள். அவர் தயங்கித் தயங்கி வந்து வாசலிலேயே நின்றார். சாப்பாட்டு மேசை நடுவில் அவள் ஒரு பொட்டலத்தை வைத்துப் பிரித்தாள்.

வாடை எழுந்தது. பட்டறைக்காரர் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு வந்த நாத்தம் இதுதான்" என்றாள். "இது சீஸ். என்னோடது. ஃபிரிட்ஜில நான்தான் வெச்சிருந்தேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

 வரவேற்புப் பெண் களுக்கென்று சிரித்தாள். "மேடம், நீங்களா? நீங்க... இதையா?" அறையே சிரிப்பில் குலுங்கியது. சத்தம் கேட்டு வந்த முதலாளிகூட, "அட, நம்ம மேடமா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். இத்தனை நாளாக அவள் நடுங்கிய சிரிப்பு இவ்வளவுதான். இதற்கா பயந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

வண்டி அண்ணன் சிரிக்கவில்லை.

"என்கிட்ட வந்து சொன்னீங்களே மேடம், அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பு அடங்கியது.

"தெரியும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அடுத்த டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். வண்டிப் பெட்டியில் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் பண்ணது பெரிய தப்பு. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியல."

"விடுங்க மேடம்" என்றார். பெட்டியைப் பூட்டினார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "வீட்டுல கேட்டேன். என் பொண்டாட்டி மோந்து பாத்துட்டு, ஒண்ணும் வரலையேன்னுதான் சொன்னா. நான் அவளை நம்பல. எனக்காகச் சொல்றான்னு நெனச்சேன். உங்களைத்தான் நம்பினேன். யார் கண்ணுக்கும் தெரியாத கீறல் உங்களுக்குத் தெரியுமேன்னு."

வண்டி கிளம்பிப் போனது. அவள் அங்கேயே நின்றாள். கையில் சீஸ் வாடை அடித்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அன்று வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நான் என்ன தூக்கிலயா போட்டிருப்பேன்?" என்றார். இப்போது அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் சீஸ் பகிரங்கமாக இருக்கிறது. அவர் மூக்கைச் சுளித்தபடி பால் எடுக்கிறார்.

வண்டி அண்ணன் வீடுகளுக்குள் போய்க் காதருகே கம்பியை வளைத்துச் சரிசெய்ய மறுபடி ஆரம்பித்தார். அதற்குச் சில மாதங்கள் ஆயின. சாப்பிடுவது மட்டும் படியில்தான். எல்லோரும் கூப்பிட்டார்கள், முதலாளியும் கூப்பிட்டார். "இங்க காத்து நல்லா வருது" என்பார். லென்ஸ் அறையில் அவள் இன்னும் கீறல் பார்க்கிறாள். ஆனால் அடுத்தவர் காலரைப் பார்த்துச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு லென்ஸுக்கே திரும்பிவிடுகிறாள்.

ஒருநாள் அவர் தானாகவே அவள் மேசைக்கு வந்தார்.

"அந்தச் சீஸு எங்க மேடம் கிடைக்கும்? நான் கண்ணாடி குடுக்குற பெரியவர் ஒருத்தர் கேக்கறார். அந்தக் காலத்துல சாப்பிட்டிருக்காராம். பேச்சுவாக்குல நம்ம கதையைச் சொன்னேன்."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரயிலடிக்குப் பின்னால், குறுகிய தெரு, வாயாடிக் கடைக்காரி, கண்ணெதிரே அறுக்கச் சொல்லுங்கள், வெள்ளையாக இருக்கிறதா பாருங்கள், பெரியவர் என்றால் உப்புக் கம்மியாக இருக்கிற இளசு கார்கன்சோலா போதும், சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து வையுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

நடுவில் அவள் பார்வை கீழே போனது. அவர் மேசையிலிருந்து ஒரு எட்டுத் தள்ளியே நின்றிருந்தார். ஷூ கயிறு இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

"இளசுன்னு கேளுங்க, புரிஞ்சுக்குவாங்க" என்று பாதிக் குரலில் முடித்தாள்.

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, தயாராக இருந்த கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு அவர் போனார்.