மண்கும்பான் மணலில் மாதா எங்களை இருத்திய பின்னேரம்

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு தகப்பன் எங்களை நம்பி அனுப்பிய பிள்ளையை மண்கும்பான் கடற்கரையில் தொலைத்துவிட்டு நின்றேன். அன்றைக்கு மாதா செய்த உதவியை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். நான் பக்தியில் உருகுகிற ஆள் இல்லை என்பது இந்தச் செபக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எரிச்சல்காரி. அதையும் மறைக்காமல்தான் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் நானும் வதனியும் ஒரு வகுப்பு நடத்துகிறோம். ஓட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலு பேரோடு பழகக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு. வணக்கம் சொல்வது, முறை வரும்வரை பொறுப்பது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்வது. சொல்ல இலகு. செய்து பார்த்தால்தான் தெரியும். கடையில் வரிசையில் நிற்க மாதக்கணக்காகப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போவோம். கடைக்காரர் கண்டவுடனே, "பாவம், அந்தப் பிள்ளையை முன்னுக்கு விடுங்கோ" என்பார். பட்ட பாடெல்லாம் அந்த ஒரு 'பாவத்தில்' போய்விடும். பிள்ளைகளைத் திருத்துவதா ஊரைத் திருத்துவதா என்று வதனியிடம் எத்தனையோ தரம் கத்தியிருக்கிறேன். வதனி நயினாதீவுப் பெண், அம்மனைக் கும்பிடுபவள். என்னை விடப் பொறுமைசாலி.

நிரோஷனுக்கு இருபது வயது. அல்லைப்பிட்டியில் மீன்பிடிக்கிற ஜேசுதாசன் அண்ணையின் ஒரே மகன். தாய் இல்லை. "உவனுக்குக் கதைக்கப் பழக்கி என்ன காணப்போறியள், ரீச்சர்?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டுக் கேட்டுத்தான் அனுப்புவார். மண்கும்பானுக்குப் போவதையும் அவர் விரும்பவில்லை. நான்தான் விடாப்பிடியாக நின்று சம்மதம் வாங்கினேன். ஐஸ்கிறீம் வண்டியில் தாங்களே கேட்டு வாங்கிப் பழகட்டும் என்பது என் திட்டம்.

நாங்கள் போன நேரம் சுற்றுலா பஸ் ஒன்றில் வந்தவர்கள் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி வைத்துப் பாட்டைப் போட்டார்கள். நெஞ்சு அதிர்ந்தது. மற்றப் பிள்ளை ஒன்று அழத் தொடங்க, நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பிள்ளையைப் பார்த்தோம். திரும்பினால் நிரோஷன் இல்லை.

பாட்டை நிறுத்தினார்கள். பஸ்ஸில் வந்தவர்கள், கரையில் நின்ற மீன்பிடித் தொழிலாளிகள், றோட்டால் போனவர்கள் எல்லோரும் தேட வந்தார்கள். நல்ல சனம். ஆளுக்கொரு பக்கம், "நிரோஷன், டேய் நிரோஷன்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத ஆட்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போகக்கூடாது என்று அவனுக்குப் படிப்பித்ததே நாங்கள்தான். எதை எதையோ கற்றுக்கொடுத்தோம், அவன் முழுசாகப் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். சத்தம் என்றாலே காதைப் பொத்துகிற பிள்ளை வேறு. அவர்கள் கூப்பிடக் கூப்பிட அவன் தள்ளித் தள்ளிப் போவான். "கத்தாதேங்கோ" என்றேன். யார் கேட்டார்கள்? நாங்கள் கூப்பிட்டதும் அந்தச் சத்தத்துக்குள் அமுங்கிப் போனது.

வதனி போனில் சொல்ல, ஜேசுதாசன் அண்ணை வந்து மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "எங்கயடா நிக்கிறாய்?" என்று அவரும் ஒரு பக்கம் ஏசிக் கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வீட்டில சும்மா இருந்த பிள்ளை, ரீச்சர். கடலுக்குக் குடுத்திட்டியளோ?"

நான் மணலில் விழுந்துவிட்டேன். கையில் செபமாலை இருந்தது. செபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "மாதாவே, உமக்கும் பிள்ளை தொலைஞ்சதுதானே. நீரும் தேடினனீர்தானே. ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்று வாய்விட்டே ஏசினேன். செபமாலையில் சனிக்கிழமை சொல்லுகிற சந்தோஷ தேவ இரகசியத்தில் ஐந்தாவது அதுதான், மாதா காணாமற்போன தன் மகனைக் கண்டெடுத்தது. எங்கே கண்டெடுத்தார்? கோயிலில், படிப்பிக்கிறவர்கள் நடுவில், இருந்தபடி.

இருந்தபடி. அந்தச் சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. எங்கள் வகுப்பு எப்போதும் நிலத்தில் வட்டமாக இருந்துதான் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் மாறாத இடம். ஒரு பந்தை உருட்டுவோம். பந்து யாரிடம் வருகிறதோ அவர் தன் பேரையும் அன்றைக்குத் தான் எப்படி இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வட்டத்தை நிரோஷன் ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை.

எழும்பிப் போய் ஜேசுதாசன் அண்ணையின் கையைப் பிடித்தேன். "அண்ணை, தேட வேண்டாம். இருங்கோ."

"உமக்கென்ன விசரே?"

"ஓம். இருங்கோ."

என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, மணலில் இருந்தார். அவர் இருக்க மற்றவர்களும் ஒவ்வொருவராக வட்டமாக இருந்தார்கள். வதனிக்குப் பக்கத்தில் நிரோஷனின் இடத்தை விட்டோம். கடற்கரை அடங்கியது. வதனி பையிலிருந்து வகுப்புப் பந்தை எடுத்து உருட்டினாள். பிள்ளைகள் சொன்னார்கள். பஸ்ஸில் வந்த ஒருவரும் வெட்கப்பட்டுத் தன் பேரைச் சொன்னார். பந்து அந்த வெற்றிடத்துக்கு வந்து நின்றது.

பின்னால் தாழம்பற்றை அசைந்தது. நிரோஷன் நடந்து வந்து, தன் இடத்தில் இருந்து, பந்தை எடுத்தான். "என்ர பேர் நிரோஷன். இண்டைக்குச் சத்தம் கூட. தெரியாத ஆக்கள் கூப்பிட்டவை, போகேல்ல. பிறகு அப்பா ஏசினவர்."

சொல்லிவிட்டு, முறைப்படி பந்தைத் தகப்பனிடம் உருட்டினான். ஜேசுதாசன் அண்ணை அதைப் பிடித்து, ஒட்டியிருந்த மணலைத் தட்டித் தட்டி மடியில் வைத்துக்கொண்டார். மகன் காத்துக்கொண்டிருந்தான். முறை வரும்வரை பொறுக்க அவனுக்குத் தெரியும்.

"என்ர பேர் ஜேசுதாசன்," என்றார். "இண்டைக்கு நான் நல்லாப் பயந்துபோனன், மேனே."

வதனி அழுதாள். நானும் அழுதேன். அன்றுமுதல் ஜேசுதாசன் அண்ணை தொழிலுக்குப் போகாத சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வருகிறார். மற்றத் தகப்பன்மாரையும் இழுத்து வருகிறார். யார் கூப்பிட்டால் போகலாம், தொலைந்தால் என்ன செய்யலாம் என்பதை நாங்கள் புதிதாகப் படிப்பிக்கிறோம். எனக்கு எரிச்சல் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எரிச்சல் வரும்போது இப்போது முதலில் ஓரிடத்தில் இருக்கிறேன், பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, செபித்தும் பயனில்லை என்று மனம் விட்டவர்கள் உங்களில் இருக்கலாம். மாதாவிடம் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் ஏசியாவது கேளுங்கள். பிள்ளையைத் தேடி அலைந்த தாய் அவர். நான் ஏசியதற்கு அவர் கோபிக்கவில்லை, பிள்ளையைத் தந்தார்.