காருக்குள் வள்ளத்து எஞ்சின்

என் பழைய காரின் எஞ்சின் பழுதாகி மூன்று வருசம். கார் எஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் மீன்பிடி வள்ளமொன்றின் பழைய டீசல் எஞ்சினை வாங்கிப் பூட்டுவித்தேன்.

மெக்கானிக் நஸீர் கேட்டார்: "அண்ணே, நங்கூரமும் பூட்டவோ?"

என் மனுசி சிரிக்கவில்லை. "ஒருத்தரும் தள்ளாமல் கடற்கரை ஜெட்டி வரைக்கும் போனால் இனி ஏறுவன். இல்லாட்டி வித்துப்போடுங்கோ."

இன்று காலை இருவரும் போனோம். டக், டக், டக். ஒருத்தரும் தள்ளவில்லை.

ஜெட்டியில் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்த சனம், சத்தம் கேட்டு மூட்டை முடிச்சோடு எழும்பிக் கடலைப் பார்த்தது.

மனுசி யன்னலால் தலையை நீட்டினாள். "இருங்கோ, இருங்கோ! நாங்கள் ரோட்டால வந்தனாங்கள்!"

கார் விற்பனைக்கு இல்லை. நாளை கோயிலுக்குப் போகிறோம். ஆருக்கு இடம் வேணும்? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றாய் வாசிப்பேன்.