பதினொன்றாவது ஆணி

காப்பித் தோட்டத்தில் மணி அடிப்பது என் வேலை. கொட்டச்சேட்டைத் தாண்டி, குப்பனூருக்கு இறங்கும் ரோட்டுக்கு மேல்புறம் இருக்கிறது எங்கள் எஸ்டேட். மணி என்றால் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்குகிறது. காலை ஏழு மணிக்கு இரும்புக் கம்பியால் அதை அடித்தால் ஆட்கள் களத்துக்கு வந்து நிற்பார்கள். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது.

களத்துக்கு மேலே எங்கள் லைன் வீடுகள், மொத்தம் பதினொன்று. மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் வரிசையாகக் கட்டியவை. ஒரு மழைக்காலத்தில் பின்புற மேடு சரிந்து இரண்டு வீட்டு அடுப்படிக்குள் சேறு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சேலத்திலிருந்து ஒரு நிவாரண அமைப்பின் சார்பில் மேடம் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். நிவாரணக்காரர்கள் என்றால் எல்லாம் முடிந்த பிறகு அரிசியும் போர்வையும் கொண்டு வருகிறவர்கள் என்றே நான் நினைத்திருந்தேன். இவர் வெயில் காலத்தில் வெறுங்கையோடு வந்து, ஒரு வாரம் எங்கள் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மழையில் மேடு மறுபடி சரிந்தால் பதினொரு வீட்டு ஆட்களும் எப்படி வெளியே வருவது என்பதுதான் அவருடைய கவலை.

போவதற்கு ஓர் இடம் இருந்தது. லைனுக்குப் பக்கவாட்டில், பாறை மேல் கட்டிய பள்ளிக்கூடம். ஆட்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். மணி இருக்கிறதே என்றார் ரைட்டர். மழை நாளில் செல்போன் எடுக்காது என்பதால் மேடத்துக்கும் அது சரியென்று பட்டது. மணி கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார். நான் மணி அடித்தேன். பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், முதுகில் கூடையோடு, களத்துக்கு. ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். மேலே பள்ளிக்கூடப் படியில் மேடம் நோட்டும் கையுமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தார். மேடு சரிந்தால் மண் வந்து விழப்போகும் இடம் அந்தக் களம்தான்.

ரைட்டர் ஆட்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். மேடம் இறங்கி வந்து அவரைத் தடுத்தார்.

"அவங்களைச் சொல்லாதீங்க. இத்தனை வருசமா மணி கேட்டா இங்கதானே வந்திருக்காங்க. காலுக்குத் தெரிஞ்ச வழியை நான் யோசிக்கல. தப்பு என்னுதுங்க."

ஓர் ஆபீஸர் தன் தப்பு என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு தண்டவாளத் துண்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டாராம், அதைச் சொல்லிச் சிரித்தார். அந்தத் துண்டைப் பள்ளிக்கூட வேப்பமரத்தில் மாட்டினோம். அதன் சத்தம் கொஞ்சம் கரகரப்பு. இரண்டாவது ஒத்திகையில் எல்லோரும் சத்தம் வந்த பக்கம் பார்த்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். ஆனால் கால் மணி நேரத்தில் பாதிப் பேரைக் காணோம். ஒருவர் ரேஷன் கார்டு எடுக்கப் போனார், ஒருவர் அடுப்பை அணைக்கப் போனார், இன்னொருவர் போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று போனார்.

போனவர்கள் திரும்பி வரும்வரை மேடம் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, வெளியூர் போகும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேண்டியதை எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போவோம் என்றார்கள். அப்படியானால் இங்கேயும் பூட்டிவிட்டு வாருங்கள், வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். சாவி கையில் இல்லாவிட்டால் திரும்பிப் போய் என்ன செய்வது? யார் வரவில்லை என்பதும் பெயர் கூப்பிடாமலே தெரிந்துவிடும்.

சாவி என்றதும் கூட்டத்தில் சலசலப்பு. யாரிடம் கொடுப்பது? ரைட்டரிடம் கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. கடைசி வீட்டில் தனியாக இருக்கும் அக்காதான் என் பக்கம் கையை நீட்டியது.

"ஏனுங்க அம்மிணி, இந்தத் தம்பிகிட்ட இருக்கட்டுங்க. இதுக்கு வாயே கெடையாது. நம்மூட்டுல என்ன இருக்குது, என்ன இல்லைன்னு வெளிய போயிச் சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் என் பெயரை எழுதி, சம்மதமா என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

பலாப்பலகையில் பதினொரு ஆணி அடித்துப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மாட்டினோம். ஆணிக்கு மேல் வீட்டு நம்பர். அப்போதுதான் தெரிந்தது, அந்த அக்கா வீட்டுக்குப் பூட்டே இல்லை. கதவைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருந்தது. மேடம் பூட்டு வாங்கித் தருவார் என்று நினைத்தேன். அவர் வேறு கேள்வி கேட்டார். எதை விட்டுவிட்டு உங்களால் வர முடியாது?

"என்ற ரெண்டு ஆட்டை உட்டுட்டு நான் எங்க கண்ணு வர்றது?"

அப்படியானால் ஆட்டையும் கூட்டி வாருங்கள், சாவிக்குப் பதிலாக அதன் கயிற்றை அவிழ்த்து இந்த ஆணியில் மாட்டுங்கள் என்றார் மேடம். தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் ஆடு கூடாது என்றார். பின்புறத் தாழ்வாரம் என்று முடிவானது. திட்டத்தில் 'ஆடு இரண்டு' என்று எழுதியிருந்ததை மேலாபீஸில் அடித்துவிட்டார்களாம். அந்தத் தாளை நான் பார்த்தேன். சிவப்பு மையில் அடித்திருந்த வரிக்குக் கீழேயே அதே வரியை அவர் மறுபடியும் எழுதியிருந்தார், திருப்பி அனுப்ப.

எப்போது மணி அடிப்பது என்பதற்கு ஒரு பெயிண்ட் டப்பா. உள்ளே கோடு போட்டு வெட்டவெளியில் வைத்தோம். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வைப்பேன். ஒரே நாள் மழையில் தண்ணீர் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் அடிக்க வேண்டும். எனக்கு அதுதான் பயம். அடித்து, ஒன்றும் நடக்காமல் போனால் ஊரே சிரிக்குமே. அதை நான் சொல்லவில்லை, என் முகத்தில் பார்த்திருப்பார். மணி வீணாக அடித்தாலும் அடித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்து, பதினொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. கடற்கரைப் பக்கம் புயல் என்று மேடம் அங்கே போயிருந்தார். மூன்றாம் நாள் முற்பகல், மழையால் வேலை இல்லாமல் எல்லோரும் வீட்டில் இருந்த நேரம், டப்பாவில் தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கையெழுத்துகளை நினைத்துக்கொண்டு பள்ளிக்கூட மணியை அடித்தேன்.

பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தார்கள். சாவிகள் ஏறின. பத்து. பதினொன்றாவது ஆணி காலியாக இருந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது. இரண்டு பேர் மழைக்குள் ஓடினார்கள். அவர்களை நான்தான் அனுப்பினேனா, அவர்களாகப் போனார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அந்த நேரம் அவ்வளவு நீளமாக இருந்தது.

அக்காவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஓர் ஆடுதான் கூட வந்தது. இன்னொன்று காப்பிச் செடிக்குள் ஓடிவிட்டதாம். அதைத் தேடிக்கொண்டிருந்த தன்னைத் தரதரவென்று இழுத்து வந்துவிட்டார்கள் என்று அவர்களை வாய் ஓயாமல் திட்டியது. திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டப் போனது. எட்டவில்லை. எம்பிப் பார்த்தது. நான் வாங்கி மாட்டினேன்.

அரை மணி நேரம் கூட இருக்காது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். எட்டாவது வீட்டிலிருந்து கடைசி வீடு வரை மண்ணுக்குள் போய்விட்டது. களமும் போனது. நாங்கள் எல்லோரும் பாறை மேல் இருந்தோம். சாயங்காலம் அந்த இன்னொரு ஆடு தானாகவே வந்து பள்ளிக்கூடப் படியில் நின்றது.

ரோடு திறந்ததும் மேடம் வந்தார். பலகை முன்னால் நின்று ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏழு வீட்டுக்காரர்கள் தங்கள் சாவியை எடுத்துப் போயிருந்தார்கள். மீதி மூன்று சாவியும் ஒரு கயிறும் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு நன்றி சொன்னார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார்.

"நல்லா நடந்ததை அப்புறம் சொல்லுங்க. எது சரியா நடக்கல, அதைச் சொல்லுங்க."

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அத்தனை பேருக்கு நடுவில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"ஆணி நொம்ப உசரமுங்க மேடம். அக்காவுக்கு எட்டலீங்க."

"அதானே சாமி," என்றது அக்கா. "நெட்டையனுங்க அடிச்ச ஆணி."

மேடம் சிரித்துக்கொண்டே அதை எழுதினார். அன்று மத்தியானமே பலகையைக் கழற்றி என் இடுப்பளவுக்கு இறக்கி மாட்டினோம். பலகையைத் தாங்கும் சுவர் ஆணியை அவர் பிடித்துக்கொள்ள, நான் சுத்தியலால் அடித்தேன்.