தூக்குங்கோ பாப்பம்

தண்ணீர்க் கேனை டிஸ்பென்சரில் கவிழ்த்தால் "குபுக், குபுக்" என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீர்கள். வளைகுடாவில், அப்பாசியாவில் இருக்கிற எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. போன வெள்ளிக்கிழமை காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதை மாட்டி முடித்து, ஏதோ மலையைப் பெயர்த்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. பட்டுச்சேலையில் ஒரு அம்மா கைகூப்பிச் சிரிக்கிறார். "மக்கள் செவிலித்தாய்க்கு மாபெரும் பாராட்டு விழா. குடும்பத்துடன் வருக. இரவு உணவு உண்டு." கேனும் அந்த முகமும் ஒன்றாக வந்து சேர்ந்ததில் எனக்கு வயிறு எரிந்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க இது? மகாலட்சுமி மாதிரி இருக்காங்க."

"இருப்பாங்க, இருப்பாங்க. யோகனைக் கேட்டா சொல்லுவான்" என்றேன். யோகன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த அம்மா இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர். ஃபஹாஹீல் தாண்டி எங்கள் கம்பெனி கேம்ப் இருந்த காலத்தில் அங்கே கிளினிக்கில் நர்ஸ். பிறகு ஊருக்குப் போய் அரசியலில் இறங்கி, ஜெயித்து, இப்போது அங்கே சுகாதாரம், சமூக சேவை இரண்டுக்கும் அமைச்சர். பெயரைச் சொல்ல மாட்டேன். நான் எதற்கு அவருக்கு ஓசியில் விளம்பரம் பண்ண வேண்டும்? தேர்தலில் நின்றபோது வெள்ளை யூனிஃபார்ம் போட்ட படத்தைத்தான் ஊர் முழுக்க ஒட்டினார்களாம். யோகன் போனில் அனுப்பியிருந்தான். எங்கள் கம்பெனி யூனிஃபார்ம்தான் அது. தோளில் இருந்த கம்பெனி முத்திரையை மட்டும் அழித்துவிட்டிருந்தார்கள். பின்னால் நீலமாக ஒரு ஓரம் தெரிந்தது. வேறென்ன, கேன்கள்தான்.

அந்தக் கிளினிக் ஒரு தகரக் கேபின். உள்ளே போனால் டெட்டால் வாசனை மூக்கைப் பிளக்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது டெட்டால் ஊற்றித் தரை துடைத்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. விடியும் முன் டியூட்டி பஸ் கிளம்பிவிடும். அதற்குள் காய்ச்சல்காரன், வயிற்றுவலிக்காரன், சும்மா தூங்க ஆசைப்பட்டவன் எல்லாரும் வாசலில் வரிசை கட்டுவோம். சிஸ்டர் பளபளவென்று வெள்ளை ஷூ போட்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், ஊசி போட்டால் வலிக்கவே வலிக்காது. நல்ல கை. புத்திதான் வேறு மாதிரி.

யார் போய் என்ன வலி என்று சொன்னாலும் அவரிடம் ஒரே ஒரு சோதனைதான். வாசலோரம் நிறைத்த தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருக்கும். கையை நீட்டிக் காட்டுவார்.

"தூக்குங்கோ பாப்பம்."

தூக்கி டிஸ்பென்சரில் வைத்துவிட்டால் நீங்கள் ஃபிட். பனடோல் இரண்டு, யல்லா, பஸ்ஸுக்குப் போ. தூக்க முடியாவிட்டால் சிக் லீவு. கேம்ப்பில் அவருக்குக் 'கேன் அக்கா' என்று பெயர். அந்த டிஸ்பென்சர் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை, எல்லாம் நோயாளிகள் புண்ணியம்.

இதில் ஒரு கூத்து பாருங்கள். நான் டைம்கீப்பர், பஸ் வாசலில் நின்று ஆள் கணக்குப் போடுகிறவன். வெயிலில் நிற்கிற வேலைகூட இல்லை. அப்படியும் ஒருநாள் சோம்பேறித்தனம் தாங்காமல் முதுகுவலி என்று போனேன். கேனைப் பிடித்தேன், முழங்காலை நடுக்கினேன், "அம்மா" என்று ஒரு முனகல் போட்டேன். ஊர்த் திருவிழா நாடகத்தில் வேலன் வேஷம் கட்டியவன் நான், சும்மாவா? உடனே லீவு கொடுத்துவிட்டார். நடிக்கத் தெரிந்தவனுக்கு ஓய்வு, நிஜமாகவே நோயில் கிடக்கிறவன் ரோசத்துக்குத் தூக்கிவிட்டு வெயிலுக்குப் போவான். பின்னால் நிற்கிறவர்கள் வேறு, "என்னடா, கேன்கூடத் தூக்க மாட்டியா, நீயெல்லாம் ஆம்பளையா?" என்று உசுப்பேற்றுவார்கள். எங்கள் பக்கத்துப் பயல்கள்தான் அதில் முதல்.

யோகன் என் ரூம்மேட். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற ஆள். சிஸ்டரின் ஊர்ப்பக்கம்தான் அவனுக்கும். அகலமான தோள். சாரக் குழாய்களைக் கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டு ஏறுவான். லீவு நாளில் ரூமில் பிட்டு அவிப்பான். தேங்காய்ப்பூவை அள்ளிப் போடும்போது அவனிடம் கஞ்சத்தனமே கிடையாது. நான் குழம்பு வைத்தால் முகத்தைச் சுளித்து, "மச்சான், இது குழம்போ, கை கழுவின தண்ணியோ?" என்பான். திட்டிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவான்.

அந்தக் கோடையில் அவனுக்கு இடுப்புக்குள் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. தின்றதெல்லாம் வாந்தி. சிறுநீர் பால் ஊற்றாத கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

"நாரிக்குள்ள பிடிக்குது சிஸ்டர். ரெண்டு நாளாச் சத்தி" என்றான்.

"தூக்குங்கோ பாப்பம்."

யோகன் கேனைப் பார்த்தான், தொடவில்லை. மற்றவர்களாக இருந்தால் அத்தோடு லீவு எழுதி விட்டிருப்பார். இவன் சொந்த ஊர்க்காரனாயிற்றே! குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது.

"எங்கட பக்கத்து ஆக்கள் நடிக்க மாட்டினம் எண்டு மனேஜரிட்டப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கிறன். என்ர மானத்தை வாங்காதையும்."

அவ்வளவுதான். யோகன் குனிந்தான். ஒரே மூச்சில் கேனைத் தோளுக்கு ஏற்றி டிஸ்பென்சரில் கவிழ்த்தான். குபுக், குபுக். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாத்தியளே! இதுதான் எங்கட பெடியன்" என்று சிஸ்டர் சிரித்தார்.

வெளியே வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தான். "டேய், போகாதடா. நான் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏலாது மச்சான். அவ சொல்லிப் போட்டா" என்று ஏறி உட்கார்ந்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனான். கடைசியில் சைட்டில் சாரத்தின் அடியில் சுருண்டு விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று என்னைத்தான் திட்டினார். இரண்டு கிட்னியும் போய்விட்டது. கம்பெனி டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டது, கலாஸ், கணக்கு முடிந்தது. அந்த வருஷம் கேம்ப்பில் சிக் லீவு குறைந்ததற்காக சிஸ்டருக்கு மேடை போட்டு ஷீல்டு கொடுத்தார்கள். நானும் போய் பிரியாணி தின்றேன்.

நோட்டீஸ் வந்த அன்றே யோகனும் கூப்பிட்டான். ஊரில் அவனுக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். இருட்டோடு பஸ் ஏறி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்ப வரும்போது ஆள் துவண்டு போயிருப்பான். அவன் ஊர் ஆஸ்பத்திரியிலேயே அதற்கு ஒரு கட்டடம் இருக்கிறது. இந்த அம்மாதான் ரிப்பன் வெட்டினார்.

"மெஷின் வந்து கிடக்கு மச்சான். சுத்தின பொலித்தீன்கூட உரிக்கேல்ல. பூட்டிப் போட்டிருக்கு. பாக்க நர்ஸ் இல்லையாம்."

நர்ஸாக இருந்து அமைச்சரானவர் திறந்து வைத்த இடத்துக்கு நர்ஸ் இல்லை! எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

"அவ அங்க வாறாவாம். நீ ஒருக்காக் கதைச்சுப் பாரன். இஞ்ச அவவின்ர ஒஃபிஸ் வாசலிலயே நிப்பாட்டுறாங்கள். என்னால இனி பஸ்ஸில அலைய ஏலாது. போகாமல் விடுவமோ எண்டு யோசிக்கிறன்."

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வாயை மூடுடா" என்றேன்.

அதனால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கூல் ஹால் நிறைய கூட்டம். பொன்னாடைக்கு மேல் பொன்னாடை போட்டதில் அம்மாவின் கழுத்தே தெரியவில்லை. நல்லபடியாக, கைகட்டி, யோகனுக்காகக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்தவர் பழைய நினைவுகள் என்று ஆரம்பித்தார்.

"எங்கட பெடியள் காய்ச்சல், வருத்தம் எண்டு வருவினம். நான் சொல்லுவன், தம்பி, இந்தத் தண்ணிக் கேனை ஒருக்காத் தூக்குங்கோ பாப்பம்! தூக்கின உடனே வருத்தம் பறந்திடும். அவ்வளவு ரோசக்காரர். தமிழன்ர உழைப்பெண்டா அதுதான்!"

ஹாலே குலுங்கிச் சிரித்தது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. என் மனைவியும் பாதி சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எழுந்து கத்தியிருப்பேன். யோகன் வேலை கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போட்டோ எடுக்கிற வரிசையில் நின்று கிட்டப் போனேன். "சிஸ்டர், கேம்ப் டைம்கீப்பர். யோகன் ரூம்மேட். ஞாபகம் இருக்கா?"

"ஆர், சாரம் கட்டின யோகனோ? ஏன் இல்லை! நல்லாத் தூக்கிற பெடியன்" என்று முகம் மலர்ந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கிட்னி போனதை, பூட்டிக் கிடக்கிற கட்டடத்தை, பஸ்ஸை. சிரிப்பு மாறாமல் கேட்டார். கேமரா அந்தப் பக்கம் நின்றது.

"நர்ஸ்மார் எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடீட்டினம் தம்பி, நான் என்ன செய்யிறது? பஸ் இருக்குத்தானே? அவர் ஏறி இறங்கிறார்தானே?"

"ஏறுறான்."

"அப்ப என்ன? ஏறக் கூடியவரெண்டா அவருக்கு ஒண்டும் பயமில்லை."

"பஸ்ஸும் உங்க கேன் மாதிரிதானா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாரா, தெரியாது. "நல்லது, நல்லது" என்று என் தோளைத் தட்டினார். விழாக்காரர் ஒருவர் என்னை மெல்ல நகர்த்திவிட்டு அடுத்த குடும்பத்தை நிறுத்தினார். சாப்பாட்டுப் பக்கமே போகாமல் வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் யோகனைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருக்க வேண்டிய நேரம். பின்னால் சேவல் கூவுகிற சத்தம்.

"எங்கடா இருக்க?"

"வீட்டதான் மச்சான். நீ கதைச்சது என்னெண்டு தெரிஞ்சாப் பிறகு பாப்பம் எண்டு இண்டைக்குப் போகேல்ல. என்ன சொன்னவ?"

உண்மையைச் சொன்னால் நாளைக்கும் போக மாட்டான்.

"உன்னை நல்லா ஞாபகம் இருக்குடா. யோகன் எங்கட பெடியன், இடையில விடுற ஆள் இல்லைன்னாங்க. கட்டடம் கொஞ்ச நாள்ல திறப்பாங்களாம். அதுவரைக்கும் பஸ்ஸை விடாம ஏறச் சொன்னாங்க."

கூவிய சேவலை அவன் விரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பிடியே சொன்னவ?" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவும் நான் அந்த அம்மாவை மன்னிக்க மாட்டேன்.

அந்தக் கேம்ப் இப்போது இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போனேன். கார் நிறுத்துகிற பெரிய மைதானமாகக் கிடக்கிறது. கிளினிக் கேபின் எங்கே போனதோ. டியூட்டி பஸ்ஸுக்கு வரிசை கட்டியவர்களில் பாதிப்பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. கேனுக்கும் கைப்பிடி வைத்துவிட்டார்கள், தூக்கச் சுலபம். யோகனுக்குத் தோள் கரைந்துவிட்டது. நாள் முழுக்க அவன் குடிக்கலாம் என்று டாக்டர் விட்டது இரண்டு டம்ளர் தண்ணீர். தாகம் தாங்காவிட்டால் ஒரு வாய் வைத்து அலசித் துப்பிவிடுகிறான்.

நான் அப்படிச் சொன்னதற்கு அடுத்த நாள் விடியும்போது போனில் அவன் செய்தி வந்திருந்தது.

"பஸ் ஏறிட்டன் மச்சான். அவவுக்குச் சொல்லு."